சிவப்புக் கைக்குட்டை

"கையைத் தூக்கு! அசைஞ்சா சுட்டுடுவேன்!"

ரயில் பெட்டிக்குள் பாய்ந்த முகமூடிக் கொள்ளைக்காரனைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். அமெரிக்காவின் பாலைவன ஊரான பீனிக்ஸைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்தச் சாப்பாட்டு ரயிலில் ஏறுவதே இந்தப் பொய்க் கொள்ளைக்காகத்தான்.

அவன் நேராக ஆர்வில் பெரியவரிடம் வந்து பொம்மைத் துப்பாக்கியை நீட்டினான்.

"யோவ் பெருசு! உன் பணமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். அந்தத் தண்ணியைக் குடி!"

பக்கத்திலிருந்த மகள் கோரினுக்குச் சுருக்கென்றது.

மினசோட்டாக் குளிரில் வளர்ந்த அப்பா, நேற்றுத்தான் இந்த ஊர் வெயில் தாங்காமல் கடை வாசலில் சுருண்டு விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் ஆஸ்பத்திரிதான், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்பா கேட்டால்தானே?

"ஓடுற ரயில்ல அடிக்கடி எவன் எந்திரிச்சுப் பாத்ரூம் போறது?" என்று வீம்பு. ஏறினதிலிருந்து கோரின் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"குடிக்க மாட்டேன்னா என்ன பண்ணுவே?" ஆர்வில் முறைத்தார்.

"உன் பொரிச்ச கோழியை நான் தின்னுடுவேன்!"

பெட்டியே சிரித்தது. ஒரு கையால் தட்டை மறைத்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தார் பெரியவர்.

"இன்னொண்ணு!"

அதையும் குடித்தார். முகம் வெட்கத்தில் செவசெவவென்று சிவந்துவிட்டது.

கோரினுக்குப் பொறுக்கவில்லை. கொள்ளைக்காரன் பின்னாலேயே போனாள். சமையல் பெட்டி வாசலில் அவன் முகமூடியைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், பரிமாறுகிற யோலாண்டா.

"எண்பது வயசு மனுஷன் உங்களுக்குக் கேலிப் பொருளா? இத்தனை பேர்ல எங்கப்பாதான் கிடைச்சாரா?"

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான் அவன்.

யோலாண்டா குறுக்கிட்டாள். "அவனைத் திட்டாதீங்கக்கா. ஆளைக் காட்டிவிட்டது நான்தான். அவர் நாற்காலி முதுகுல சிவப்புக் கைக்குட்டை கட்டினேனே, பார்க்கலையா?"

"அது அலங்காரம்னு நினைச்சேன்..."

"ஊத்தின தண்ணி அப்படியே இருந்தா கட்டிடுவோம். எங்க ஊரு வெயில் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மயங்கி விழுந்தப்புறம்தான் தெரியும். நான் குடிங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. இவன் துப்பாக்கியை நீட்டினா சிரிச்சுக்கிட்டே குடிச்சிடுவாங்க."

கோரின் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"போய் உட்காருங்கம்மா. உங்க பெட்டியில இன்னும் ஒரு ஆள் பாக்கி" என்று முகமூடியை மாட்டினான்.

"பாவம், யாரு மாட்டப் போறாங்களோ!" சிரித்தபடியே திரும்பினாள் கோரின்.

அப்பா மூன்றாவது குவளையைக் காலி செய்துகொண்டிருந்தார். "அவன் மறுபடி வந்தா என் கோழி போயிடும்டி!"

உட்காரப் போனவள் அப்படியே நின்றாள்.

அவளுடைய குவளையில் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே இருந்தது. அவள் நாற்காலி முதுகில் ஒரு சிவப்புக் கைக்குட்டை.