டம்ளருக்கு ஒரு சட்டை

டம்ளருக்குச் சட்டை போட்டிருந்தது.

நிஜமாகவே சட்டைதான். சிவப்புத் துணியில் அளவெடுத்து, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்த சட்டை. அம்மா தையல்காரி, கையைக் கட்டிப்போட்டாலும் காலால் தைத்துவிடுவாள். ஆனால் எவர்சில்வர் டம்ளருக்குத் தைத்தது இதுதான் முதல் தடவை.

மகளுக்குச் சுருக்கென்றது. 'எனக்குத்தான். தனி டம்ளர்!'

எல்லாம் ஒரு ஜூஸ் பாக்கெட்டால் வந்த வினை. ரத்தம் கொடுத்தால் ஜூஸும் அரை நாள் லீவும் உண்டு என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆசைப்பட்டுப் போய்ப் படுத்தாள். பத்தே நாளில் போன் வந்தது. ஹெபடைடிஸ் சி. இருபத்துமூணு வயசில்!

டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பன்னிரண்டு வாரம் மாத்திரை, சரியாயிடும். டம்ளர், தட்டு, கட்டிப்பிடிக்கிறது எதிலேயும் ஒட்டாது. ரத்தம் பட்டாத்தான். பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனியா வச்சுக்கோ. வீட்டில இருக்கிறவங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியது சாட்சாத் இந்த அம்மாதான்.

ஒரே வாரத்தில் தட்டுக்கு உறை வந்தது. நாற்காலிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை. துண்டுக்குச் சிவப்பு பார்டர். சோப்பு டப்பாவைக்கூட விடவில்லை, அதற்கும் ஒரு குட்டிப் பாவாடை.

அதெல்லாம்கூடப் போகட்டும். மகள் டீ குடித்தால் கடைசி வாய் எப்போதும் அம்மாவுக்கு. சின்ன வயசிலிருந்து அப்படித்தான். இப்போது அந்தக் கடைசி வாயை அம்மா சத்தமில்லாமல் தொட்டியில் கொட்டினாள்.

'பார்த்துடலாம் ஒரு கை' என்று மகள் சிவப்பு எதையும் தொடாமல் சாதா டம்ளரில் குடித்தாள், சாதா நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தாள். அம்மா திட்டவில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்ற ஒரே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தைக்கக் கொடுத்த துணியைப் பார்க்க எதிர்வீட்டு அக்கா வந்தாள்.

"அய்யோ, எவ்வளவு அழகு! என்னக்கா இது, டம்ளர் சட்டையா? எனக்கு ஆறு வேணும். குக்கருக்கு ஒண்ணு, பெரிய சைஸ்ல."

"வேலை இருக்கும்மா, அப்புறம் பார்க்கலாம்."

"ரிமோட்டுக்குப் பாக்கெட் வச்சுத் தருவீங்களா?"

மகளுக்குப் பொறுக்கவில்லை. என் அவமானம் இவளுக்கு ஃபேஷனா! விறுவிறுவென்று போய்ச் சிவப்பு டம்ளரில் டீயை ஊற்றினாள்.

"இதுதானேம்மா உனக்கு வேணும்? இந்தா, குடிக்கிறேன். உன் மனசு குளிரட்டும்!"

தடதடத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது. கழுத்தில் டேப் பறக்க அம்மா பாய்ந்து வந்து டம்ளரைப் பிடுங்கினாள். பாதி டீ எதிர்வீட்டு அக்காவின் புதுத் துணியில் கொட்டியது.

"ஐயையோ, என் துணி!" அக்கா அலசுவதற்குக் குழாயடிக்கு ஓடினாள்.

"அதைத் தொடாதேடி! அது என்னுது!" என்று மகளிடம் கத்தினாள் அம்மா.

"என்னது?"

"சிவப்பு எல்லாம் என்னுதுடி."

அம்மா மெஷின் டிராயரைத் திறந்தாள். பாபின்களுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்று வந்தது. லேப் ரிப்போர்ட், அம்மாவின் பெயரில். மகள் படித்தாள். தனக்கு வந்த அதே மூன்று வரிகள்.

"டாக்டர் சொன்னாரேன்னு டெஸ்ட் எடுத்தேன். நீ வயித்துல இருந்தப்போ எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. அதுல எனக்கு வந்து, என்கிட்டேர்ந்து உனக்கு வந்திருக்கும்கிறார்." அம்மா டிராயரைச் சாத்தினாள். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடி உன்கிட்ட சொல்லுவேன்?"

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"லூசும்மா நீ! டம்ளர்ல ஒட்டாதுன்னு அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். அதுவும் எனக்கு இருக்கிற அதே வியாதிதானே உனக்கும்! இனிமே என்னத்த ஒட்டப்போகுது? குடு டம்ளரை."

அம்மா டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தெரியாம ஒரு தடவை குடுத்துட்டேன்டி. தெரிஞ்சே இன்னொரு தடவை குடுக்கச் சொல்றியா?"