வெயில் ஆகாத படங்கள்

"பட்டப்பகல்ல திரையை மூடி வச்சுக்கிட்டு என்ன குடித்தனம் மாப்பிள்ளை இது?"

அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பஸ் மாறி பஸ் ஏறி வந்த முழங்கால் வலி வேறு. உள்ளே வந்தால் இருட்டில் நாற்காலி இடித்தது. அதற்கும் சேர்த்து மாப்பிள்ளையைத் திட்டினாள்.

"வெளிச்சம் பட்டா படமெல்லாம் வெளுத்துடும் அண்ணி" என்றார் தங்கையின் கணவர், வழக்கம்போல.

சுவர் முழுக்கப் படங்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய எழுத்தாளர்களை அந்தக் காலத்து கேமராவில் பிடித்தவை. கவிஞர், நாவலாசிரியர், நாடகக்காரர் என்று எல்லாரும் தாடியும் முறைப்புமாக இருந்தார்கள். ஏலம் ஏலமாக அலைந்து மனிதர் சேர்த்தது.

"செத்துப்போன தாடிக்காரங்க வெளுத்துடக் கூடாது. என் தங்கச்சி மட்டும் வெளிறிப் போகலாமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த தங்கை, "விடுக்கா, அவர் இஷ்டம்" என்றாள்.

ஒரு விசேஷத்துக்கும் அவளை அனுப்புவதில்லை. கேட்டால், படங்களை யார் பார்த்துக்கொள்வது என்பார். கேட்டுக் கேட்டு அக்காவுக்கு அலுத்துவிட்டது. இன்று தங்கையைக் கையோடு கூட்டிப்போய்விடுவது என்றுதான் வந்திருந்தாள்.

"துணியை எடுத்து வை. கிளம்பு."

"நான் வரலைக்கா."

வாயில்லாப் பூச்சி, பயப்படுகிறாள்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே பெரிய தாடியாகப் பார்த்துச் சுவரிலிருந்து கழற்றினாள். திரையை ஒரே இழுப்பில் விலக்கி, ஜன்னல் விளிம்பில் சுள்ளென்ற வெயிலில் படத்தை நிறுத்தினாள்.

"வெளுக்கட்டும்! என்ன குடிமுழுகிப் போகுதுன்னு பார்க்கிறேன்."

"அம்மா!" என்று தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஓடி வந்தார். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை வெயிலிலேயே விட்டுவிட்டுத் திரையை இழுத்து மூடினார். ஒரு துணியை நனைத்து மனைவியின் கண்மேல் வைத்து, கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார்.



திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச காலமாவே அவ கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது அண்ணி. ஊசி குத்துற மாதிரி வலிக்கும். அசல் படமெல்லாம் வைத்தியத்துக்கு வித்தாச்சு. இதெல்லாம் நகல்."

"கூடப்பிறந்தவ, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நோய்னு சொன்னா வர்றவங்க அவளைப் பார்த்து அழுவாங்க, அவளுக்கு அது தாங்காது. படம்னு சொன்னா என்னைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது பழகிடுச்சு."