சரிவில் ஒரு ராத்திரி

முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு, வண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

குரலைக் கேட்டதும் வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முழுப் பெயரைச் சொன்னார். வண்டி எண்ணைச் சொன்னார். எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"இந்தப் பேச்சு பதிவாகுது சார்," என்றாள்.

"தெரியும்மா. பதிவாகட்டும்."

வெளியே குவார்ட்சைட் ஊர்ப் பாலைவனம் கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு வந்து தங்கிய கூட்டமெல்லாம் ஏப்ரலிலேயே வடக்கே கிளம்பிவிட்டது. வெண்டலும் அவர் மனைவி கிளெண்டாவும் கிளம்பவில்லை. குடியிருந்த வீட்டை விற்று வாங்கிய வண்டிவீடு இது. வீட்டு விலைக்கு வாங்கிய இதில் ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது. கிளெண்டாவின் இன்சுலின் பக்கத்து வண்டிக்காரர்கள் தந்த ஐஸ் பெட்டியில் இருக்கிறது. அந்த வண்டியும் நாளைக்குக் கிளம்புகிறது.

காலையில்தான் முகாமில் பழுது பார்க்கும் ரூடி வந்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கருகிய சர்க்யூட் போர்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"பொம்மைக் கார்லகூட இதைவிட நல்ல சாமான் போடுவான் பெருசு. இந்த இத்துனூண்டு போனதுல, உள்ள இருக்கிறது மொத்தமும் வெந்துபோச்சு. மாத்துறதுன்னா ரெண்டாயிரம் டாலருக்கு மேல போகும். வாரண்டி இருக்குல்ல? விடாத."

படியிறங்கப் போனவன் திரும்பிப் பார்த்து, "சரிவுல நிறுத்துனியான்னு கேப்பானுங்க. செத்தாலும் இல்லைன்னு சொல்லு," என்றான்.

கேஸில் ஓடும் இந்த ஃபிரிட்ஜுக்கு வண்டி சமமாக நிற்க வேண்டும். அதனால் இப்படி ஊர் ஊராக வண்டியிலேயே வாழ்கிற சனங்கள், ஓர் இடத்தில் போய் நின்றதும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள். காப்பியெல்லாம் அப்புறம்தான். கம்பெனிக்கும் இது நன்றாகத் தெரியும். தான் போட்ட மட்டமான சாமானைப் பற்றி ஒரு கேள்வி கேட்காது. சரிவைப் பற்றி மட்டும் கேட்கும். வாயிலிருந்து ஓர் "ஆமா" விழுந்தால் போதும், ஃபைலை மூடிவிடலாம்.

அவளும் கேட்டாள்.

"எப்பவாவது வண்டியைச் சரிவுல நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட விட்டிருக்கீங்களா சார்?"

"இல்லம்மா."

அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டிசம்பர்ல, ஃப்ளாக்ஸ்டாஃப்ல, பனியில மாட்டிக்கிட்டு ஒரு கடை வாசல்ல ராத்திரி தங்கலையா?"



அந்த ராத்திரியைப் பற்றி ரூடிக்குத் தெரியாது. முகாமில் ஒருவருக்கும் தெரியாது. படுக்கப் படுக்க இரண்டு பேரும் ஒரே பக்கமாக உருண்டு போய்ச் சுவரில் அப்பிக்கொண்ட கதையை, அவர் ஒரே ஓர் ஆளிடம்தான் போனில் சொல்லியிருந்தார். சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார். அந்தப் பக்கமும் அப்படித்தான் சிரித்தது.

ஒரே ஒரு ராத்திரி அது. அதற்கும் மே மாதம் கருகிய போர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார். கத்தியும் இருப்பார்.

"சார்? ஆமாவா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

"ஆமா."

"அப்படின்னா வாரண்டி செல்லாது சார். வருந்துறோம்."

எழுதி வைத்ததைப் படிக்கிறாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"உள்ள இன்சுலின் வைக்கணும்மா," என்றார்.

"குறிச்சுக்கிட்டேன் சார். இன்னிக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?"

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே போனை வைத்தாள்.

தகரக் கதவு கிறீச்சிட்டது. கிளெண்டா ஒரு வாளி ஐஸோடு மேல்மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"முடியாதுன்னுட்டானுங்களா? நாசமாப் போக." வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "வெண்டல், உன் வீம்பைத் தூக்கி அந்தாண்ட போடு. நம்ம ஷெல்பி அந்த ஆபீஸ்லதான உக்காந்திருக்கா? பெத்தவங்களுக்குன்னா ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பா? அவளுக்கு ஒரு போன் போடு."

"இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிடுவா. அப்பப் பேசிக்கலாம்," என்று சொல்லி, கிளெண்டாவின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.