முதலில் பார்த்தவள்

வேங்கிக்கால் குழந்தைகள் காப்பகத்தில் மகனைத் தூக்கிக்கொண்ட யமுனா, தினமும் கேட்பதையே கேட்டாள்.

"ஆயாம்மா, இன்னைக்காவது வாசப்படி தாண்டினானா?"

"எங்க? நல்லா தூங்கினான். பசியோட வந்திருப்பீங்க, இந்தாங்க கொழுக்கட்டை," என்றாள் உண்ணாமுலை.

"பத்து மாசமாச்சு. இறக்கி விட்டாத்தானே தவழுவான்? தொட்டில்லயே போட்டு வெச்சிருப்பீங்க!"

யமுனா கோபத்தோடு கொழுக்கட்டையைக் கடித்தாள். அவள் ஆபீஸ் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பிள்ளையின் பகலெல்லாம் இந்த ஆயாவுக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஒரு டப்பாவோடு ஓடி வந்தாள்.

"நேத்து ராத்திரி படி தாண்டிட்டான் ஆயாம்மா! நான்தான் முதல்ல பார்த்தேன். படி தாண்டினா கொழுக்கட்டை செய்யணுமில்ல? செஞ்சிட்டேன்!"

"அட என் ராஜா!" உண்ணாமுலை பிள்ளைக்கு நெட்டி முறித்தாள்.

யமுனா போனதும் சமையல்கார தாட்சாயிணி முறைத்தாள்.

"அன்னைக்குக் காலையிலயே இவன் இங்க படி தாண்டினான்னுதானே நீ கொழுக்கட்டை செஞ்சே? அதைச் சொல்லாம, திட்டு வேற வாங்கிக்கினே!"

"என் பொண்ணு படி தாண்டினப்ப, நான் இங்க எவ புள்ளைக்கோ கை தட்டிட்டிருந்தேன். வீட்டுக்குப் போனா, அடுத்த வீட்டுக்காரி கொழுக்கட்டை நீட்டினா. அது இன்னும் தொண்டையில இறங்கலடி."