இரைச்சல் அடங்கிய நேரம்

கறுப்புப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு வெள்ளிப் பெட்டியைச் செருகினார்.

அதே இரைச்சல்.

மடிக்கணினித் திரையில் மத்திய அலை முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள். தூரத்து நிலையங்கள் எல்லாம் அதற்கடியில் எங்கோ கிடந்தன.

கடல் தாண்டிய வானொலிகளைத் தேடிப் பிடிப்பது அவருடைய பைத்தியம். இரண்டு பெட்டிகளும் கணினியோடு சேர்ந்து வேலை செய்யும் எஸ்.டி.ஆர். வானொலிகள். நண்பர் தைரியநாதன் கேட்டுப் பார்க்கக் கொடுத்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும்.

எதை? இந்த இரைச்சலில் எது உசத்தி, எது மட்டம் என்று எவன் கண்டான்?

இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியும். உள்ளறையில், அவர் மனைவி அரசிக்கு மூச்சு கொடுக்கும் ஆக்சிஜன் மெஷின். நுரையீரல் சுருங்கிப்போய், இரவும் பகலும் அவள் மூக்கில் குழாய். மெஷின் ஓடும்வரை அது கிளப்பும் மின் இரைச்சலில் வானொலி கேட்காது.

அதனால் என்ன? ஓடட்டும். ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

அவளுக்குத்தான் அது உறுத்தியது. தன்னால்தான் அவர் ரேடியோ பாழாய்ப் போயிற்று என்று ஒரே புலம்பல். அது தாங்காமல்தான் இந்தப் பெட்டிகளே வீட்டுக்கு வந்தன. புதுப் பெட்டி இரைச்சலை வடிகட்டிவிடும் என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

பொய். எந்தப் பெட்டியாலும் அது முடியாது.

மின்விசிறி தளர்ந்தது.

கரெண்ட் போய்விட்டது.

மடிக்கணினியும் அதில் செருகிய பெட்டியும் மட்டும் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. திரையிலிருந்த மஞ்சள் மொத்தமும் வழித்தெடுத்தாற்போல் மறைந்தது. கரிய பரப்பில் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு பெண் பேசினாள். என்ன மொழியோ, கிழக்கே எந்த நாடோ. பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு.

முன்பெல்லாம் கரெண்ட் போனால் அவருக்குக் கொண்டாட்டம். தெருவே மின்வாரியத்தைத் திட்டித் தீர்க்க, இவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டுவார்.

இப்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

கரெண்ட் போனதற்கு எச்சரிக்கையாய் மெஷின் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. குழாயை உருவி மாற்றுச் சிலிண்டரில் மாட்டினார். திருகு பிடிபடவில்லை.

கடவுளே, திற.

திறந்தது. ஆனால் அளவு காட்டும் முள், தீரப்போகிறது என்று சிவப்பின் ஓரத்தில் நின்றது. நிரப்பித் தருகிறவன் இதோ வருகிறேன் என்றவன்தான், ஆளையே காணோம், பாவி.

மின்வாரிய எண்ணுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். சிலிண்டர்காரனுக்கு அடித்தார். அவன் போன் அணைந்து கிடந்தது.

செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வந்துவிடு, வந்துவிடு என்று நின்றுபோன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள்.

அரசி காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். முகம் மலர்ந்தது. அவர் கையை மெல்லத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க... இங்க என்ன உக்காந்திருக்கீங்க? ஓடுங்க... போய்க் கேளுங்க. கரெண்ட் வந்துறப்போவுது."