விரிசலில் ஒட்டிய கண்ணாடி

எழுநூற்று நாற்பது ரூபாய். டீக்கடை மாசாணத்துக்குச் செங்கமலம் தரவேண்டிய பாக்கி அது. அதனால் மலைச்சாலை வளைவிலிருந்த அவர் கடையைத் தலைகுனிந்தபடியே கடப்பாள். கடைக்கு மேலே, தடுப்புச்சுவரின் விரிசலுக்குக் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார்கள். அது உடைந்தால் மலை நகர்கிறதென்று அர்த்தம். தினமும் போய் அதைப் பார்த்துவருவதுதான் சாலைக்கூலியான அவளுக்கு வேலை.

அன்று மழை விட்டு வெயிலடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி ‘டிக்’கென்று இரண்டானது. விழுந்த பாதியைப் பொறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, வெளிய வாங்க!”

“அடேயப்பா! பாக்கியக் கொடுக்க இம்புட்டு அவசரமா?”

அவள் கையை விரித்தாள். கண்ணாடியைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. அடுப்பைக்கூட அணைக்காமல் இருவரும் வளைவைத் தாண்டி ஓடித் திரும்பிப் பார்த்தார்கள்.

மரங்கள் நின்றது நின்றபடியே, தேர் அசைந்து வருவதுபோல, சரிவு மொத்தமும் மெல்ல இறங்கியது. எல்லாம் அடங்கியபோது கடை இருந்த இடத்தில் ஒரு பலாமரம் நின்றது. அதில் ஒரு காய்கூட உதிரவில்லை.

செங்கமலம் அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அந்த எழுநூத்தி நாப்பது...”

“எந்தக் கடைக்கு, புள்ள?” என்றார் மாசாணம், மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.