நாலு டம்ளர் ஆட்டம்

“இதுல நீங்க எந்த டம்ளர்?”

சாப்பாட்டு மேசையில் நாலு டம்ளர்களை இரண்டு இரண்டாக எதிரெதிரே வைத்து, நடுவில் ஒரு நீளக் கரண்டியைக் குறுக்கே போட்டிருந்தாள் மனைவி. கரண்டிதான் வலையாம்.

அவளுடைய கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். தோளில் ஷட்டில் மட்டை. சட்டையின் முதுகெல்லாம் ஈரம். மணி ஏழரை.

“எதுக்கு இப்ப இதெல்லாம்?”

“வாரத்துல அஞ்சு நாள், மூணு மாசமா ஆடப் போறீங்க. என்னதான் ஆடுறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேனே.” குளித்த ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தப்பிக்க வழியில்லை. அவர் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இந்த டம்ளர் நான். பக்கத்துல என் ஜோடி, மருந்துக் கடைக்காரர். எதிர்ல ரெண்டு இன்ஜினீயருங்க.”

“மருந்துக் கடைக்காரருக்கு முழங்கால் வலின்னீங்களே, தேவலையா?”

“இப்ப பரவாயில்ல” என்றார் அவர். அப்படி ஒரு வலியைச் சொன்னதே மறந்து போயிருந்தது. “கேளு. நம்ம ஸ்கோர் ரெட்டைப்படையா இருந்தா வலது பக்கம் நின்னு சர்வ் போடணும். ஒத்தைப்படையா இருந்தா இடது பக்கம்.”

“சைபர்னா?”

“அதுவும் ரெட்டைப்படைக் கணக்குதான். வலது. போடறதைக் குறுக்கால, எதிர் மூலைக்குப் போடணும். நேரா போட்டா தப்பு.”

“புள்ளி கிடைச்சுதுன்னா?”

“நானும் ஜோடியும் இடம் மாறிக்குவோம். மறுபடியும் நானே போடுவேன்.”

எல்லாம் சரியாகவே வந்தது. போன வருடம் ஒரு விளையாட்டு விதிப் புத்தகத்துக்கு அவர்தான் பிழை திருத்தினார். ஒற்று விட்ட இடம், துணைக்கால் விட்ட இடம் எல்லாம் பார்த்தவர், போகிற போக்கில் நாலைந்து விதிகளையும் பிடித்து வைத்திருந்தார். அந்த மூலதனத்தை வைத்துத்தான் மூன்று மாதமாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால், ஷட்டில் கோர்ட் இருக்கும் தெருப்பக்கம் அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ‘சர்க்கரை ஏறிப் போச்சு, ஏதாவது ஆடுங்க, ஓடுங்க’ என்று டாக்டர் சொன்ன அன்றே மட்டை வாங்கினார். மறுநாள் மாலை கிளம்பவும் கிளம்பினார். வழியில் பழைய சிநேகிதரின் சலூன். ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தவரை, பெஞ்சு பிடித்துக்கொண்டது. பேப்பர் படித்து, ஊர் வம்பு பேசி, புறப்படும்போது சிநேகிதரே முதுகில் தண்ணீர் தெளித்து அனுப்பி வைப்பார்.

“சரி, ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மனைவி. “நீங்க பத்து, அவங்க ஒன்பது. நீங்க சர்வ் போட்டு, புள்ளியை விட்டுட்டீங்க. இப்ப?”

“புள்ளியும் அவங்களுக்கு, சர்வும் அவங்களுக்கு. அவங்களுக்கும் பத்தாயிடுச்சு. ரெட்டைப்படை. அதனால வலது பக்கம் நிக்கிற இன்ஜினீயர் போடுவார்.”

“நீங்க ரெண்டு பேரும்?”

புத்தகத்தில் இந்த இடத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. “நாங்க இடம் மாறிக்குவோம்” என்று சொல்லி, தன் பக்கத்து இரண்டு டம்ளர்களையும் மாற்றி வைத்தார்.

அவள் டம்ளர்களை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மேசையைத் துடைப்பது போல இரண்டையும் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

“ஏங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட போகணுமில்ல. நான் ஒரு முடிவு பண்ணி வச்சிருக்கேன். இவ்வளவு ஆடறீங்களே, மாத்திரையில ஒண்ணைக் குறைக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். ராத்திரி மாத்திரை போட்டா உங்களுக்கு வயிறு ஒத்துக்கறதே இல்ல.”

அவருக்குச் சுருக்கென்றது. தன் பொய்யை நம்பி இவள் டாக்டரிடம் வாதாடப் போகிறாள். டாக்டரும் நம்பிக் குறைத்துவிட்டால்?

கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

“குறைக்கச் சொல்லாதே.”

“ஏன்?”

“நான் ஆடவே இல்ல. ஒரு நாள் கூட. சலூன்ல உக்காந்து பேசிட்டு வர்றேன். மருந்துக் கடைக்காரர்னு யாரும் கிடையாது.”

சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் லேசானது. இப்போது அழுவாள், இல்லையென்றால் இரண்டு நாள் பேச மாட்டாள் என்று காத்திருந்தார். அவள் துண்டை மடித்து நாற்காலியில் போட்டாள்.

“நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்தேன். ஆடலைங்கறது எனக்கு முதல் நாளே தெரியும்.”

“முதல் நாளேவா? சலூன்காரன் சொன்னானா?”

“அவரை நான் பார்த்ததே இல்ல. அன்னைக்குத் தண்ணி பாட்டிலை மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க. தாகமா இருக்குமேன்னு எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன். உங்களைக் காணோம். மூணு பொம்பளைங்கதான் மட்டையும் கையுமா, நாலாவது ஆள் கிடைக்கலையேன்னு நின்னுட்டிருந்தாங்க” என்றாள் மனைவி. “அன்னையிலேர்ந்து தினமும் நான்தான் ஆடப் போயிட்டிருக்கேன்.”